ஒரு சோழிக்கு என்ன விலை?

சீனப் புத்தாண்டுக்கு அங்பாவ் உறை வந்து சேராத தமிழ் வீடு நம் ஊரில் குறைவு. பக்கத்து வீட்டார் பிள்ளைகளுக்குக் கொடுத்தது, அலுவலகத்தில் முதலாளி கொடுத்தது என்று மேசை இழுப்பறையில் நாலு சிவப்பு உறைகளாவது கிடக்கும். அடுத்த முறை ஒன்றைக் கையில் எடுக்கும்போது அதில் அச்சடித்திருக்கும் எழுத்துகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'கோங் ஸீ ஃபா சாய்' என்று வாழ்த்துகிறோமே, அந்தச் 'சாய்' என்றால் செல்வம். அந்த எழுத்தின் இடப்பக்கத்தில் சின்னப் பெட்டிபோல் ஒரு வடிவம் இருக்கும். கீழே இரண்டு கால்கள். அதற்குப் 'பெய்' என்று பெயர். ஆதியில் அது ஒரு சோழியின் படம்.

ஆமாம், நாம் பல்லாங்குழியிலும் தாயத்திலும் உருட்டுகிற அதே சோழிதான். சீன மொழியில் விலை உயர்ந்தது, கடன், கட்டணம், சூதாட்டம், வறுமை ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளிலும் அந்தப் 'பெய்' ஒளிந்திருக்கிறது. செல்வத்துக்கும் அதே சோழி, வறுமைக்கும் அதே சோழி. எழுத்தை உருவாக்கியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

1976ல் சீனாவின் ஆன்யாங் நகரில், ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஃபூ ஹாவ் என்ற அரசியின் கல்லறையைத் தோண்டினார்கள். வெண்கலம், ஜேட் கல் பொருள்களோடு கிட்டத்தட்ட 7,000 சோழிகளும் கிடைத்தன. ஆன்யாங் கடற்கரை ஊர் அல்ல. அத்தனை சோழிகளும் எங்கோ ஒரு வெதுவெதுப்பான கடலிலிருந்து கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்தவை. இந்த வாரம் அந்தச் சோழியின் பின்னால் கொஞ்சம் நடந்து பார்ப்போம். அது நம்மை மாலத்தீவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கூட்டிப் போய், கடைசியில் நம் தோட்டத்துக்கே கொண்டுவந்து விடும்.

ஓடு கட்டும் உயிர்

சோழி என்பது ஒரு கடல் நத்தையின் ஓடு. பணமாகப் புழங்கிய முக்கிய இனத்தின் அறிவியல் பெயர் மொனெட்டாரியா மொனெட்டா. 1758ல் லின்னேயஸ் இதற்கு 'மொனெட்டா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் அதற்கு நாணயம், பணம் என்று பொருள். பிற்காலத்து அறிஞர்கள் இதன் பேரினப் பெயரையும் அதே சொல்லிலிருந்து எடுத்தார்கள். ஆக, அறிவியல் ஏட்டில் இந்த நத்தையின் பெயரே 'காசு காசு' என்றுதான் இருக்கிறது.

நம் பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய உயிர். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, பவளப்பாறை இருக்கும் ஆழமில்லாத கடலில் வாழ்கிறது. பகலில் கல்லுக்கடியில் ஒதுங்கிக் கிடக்கும். இருட்டியதும் ஊர்ந்து வந்து பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். பெண் நத்தை முட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து காவல் காக்கும். பொரிந்த குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு மிதந்து போய், பிறகு எங்கோ ஒரு பாறையில் இறங்கும்.

குட்டிச் சோழியைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. சாதாரண நத்தைபோல் மெல்லிய ஓடும் அகன்ற வாயுமாக இருக்கும். வளர்ந்து பருவம் அடையும்போது வாயின் ஓரம் உள்பக்கம் சுருண்டு, தடித்து, பல் வரிசை முளைத்து, நாம் பார்க்கும் அந்தக் குறுகிய பிளவாகிவிடும். அதற்குப் பிறகு சோழி நீளத்தில் வளராது. ஓடு தடித்துக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

சோழியின் பளபளப்புக்கும் ஒரு காரணம் உண்டு. நத்தை உயிரோடு இருக்கும்போது தன் உடலிலிருந்து மெல்லிய சதைத் திரை ஒன்றை இரு பக்கமும் ஓட்டின்மேல் போர்த்திக்கொள்ளும். மேற்பரப்பில் புதுப் பூச்சு ஏற்றுவதும் கீறல் படாமல் காப்பதும் அந்தத் திரையின் வேலை. நத்தை செத்து ஓடு மட்டும் கரையில் ஒதுங்கினால், வெயிலிலும் மணலிலும் உரசி மங்கிப்போகும். அதனால், கடற்கரைக் கடைகளில் கண்ணாடிபோல் மின்னும் சோழியைப் பார்த்தால் ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். அது கரையில் பொறுக்கியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. உயிரோடு பிடித்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

400,000க்கு ஒன்று, 1,150க்கு ஒன்று

உயிரோடு பிடிப்பதை ஒரு தொழிலாகவே நடத்திய நாடு மாலத்தீவு. பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல் பிரூனி அதைச் 'சோழித் தீவுகள்' என்றே குறிப்பிட்டார். 1343ல் அங்கே போய் இறங்கிய இப்னு பட்டூட்டா, தீவின் நீதிபதியாகவே பதவி வகித்தவர். சோழி எடுக்கும் முறையை அவர் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். கடலிலிருந்து நத்தைகளைச் சேகரித்துக் கரையில் குழி வெட்டிப் போடுவார்கள். சதை அழுகிப் போனதும் வெள்ளை ஓடு மிஞ்சும். அதைக் கப்பலேற்றி வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்கிக்கொள்வார்கள். மண்ணில் நெல் விளையாத தீவு, நத்தையைக் கொடுத்துச் சோறு சாப்பிட்டது.

மாலத்தீவில் ஒரு தங்க தினார் கொடுத்தால் 400,000 சோழி கிடைத்தது என்கிறார் இப்னு பட்டூட்டா. சில சமயம் விலை இன்னும் சரிந்து, 12 லட்சம் வரை போனதாம். ஏமன் நாட்டுக் கப்பல்காரர்கள் கப்பல் ஆடாமல் இருக்க அடியில் மணலுக்குப் பதில் சோழியைக் கொட்டிக்கொண்டு போனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே மனிதர் சகாராவைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போனார். அங்கேயும் சந்தையில் சோழி. விலை? ஒரு தங்க தினாருக்கு 1,150 சோழி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 350 மடங்கு. இரண்டு ஊரிலும் அதே நத்தை, அதே ஓடு. இடையில் இருந்தது தூரம் மட்டும்தான். மாலியில் இருந்தவர் குனிந்து ஒரு சோழியைப் பொறுக்க முடியாது. மாலத்தீவுப் பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடை கூடையாக எடுப்பாள்.

ஏன் சோழி? யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. உடையாது, அழுகாது, துருப்பிடிக்காது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. எண்ணலாம், அளக்கலாம், நிறுக்கலாம். கள்ள நோட்டுபோல் கள்ளச் சோழி செய்ய முடியாது. அரசன் தலையை அச்சடிக்கவும் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஏமாற்ற முடியாத காசு அது. ஒரு முட்டை, ஒரு பிடி கீரை என்று மிகச் சிறிய வியாபாரத்துக்கும் அது ஒத்துவந்தது.

மாலத்தீவுச் சோழியை 12,000 வீதம் எண்ணித் தென்னோலைக் கூடைகளில் கட்டி அனுப்புவார்கள். 1602ல் கப்பல் உடைந்து மாலத்தீவில் மாட்டிக்கொண்ட பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர் ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். வேறு சரக்கே இல்லாமல் சோழியை மட்டும் ஏற்றிக்கொண்டு முப்பது, நாற்பது கப்பல்கள் ஓர் ஆண்டில் போனதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். எல்லாம் வங்காளத்துக்கு.

மனிதனுக்கு என்ன விலை?

இதுவரை சொன்னது சுவையான கதை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

ஐரோப்பியக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்கு வந்ததும் இந்த 350 மடங்குக் கணக்கு அவர்கள் கண்ணில் பட்டது. போர்த்துகீசியர் தொடங்கினார்கள். பிறகு டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பெரிய அளவில் நடத்தினார்கள். மாலத்தீவுச் சோழி இலங்கைக்கும் வங்காளத்துக்கும் வந்து, அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போனது. அங்கே ஏலம். ஏலத்தில் எடுத்தவர்கள் அதை மறுபடி கப்பலேற்றி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் வாங்கிய சரக்கு, மனிதர்கள்.

இன்றைய பெனின் நாட்டில் விடா என்ற துறைமுகம் இருக்கிறது. அடிமை வியாபாரம் அதிகம் நடந்த கரைகளில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு மனிதனின் விலையைச் சோழிக் கணக்கில்தான் பேசினார்கள். முதலில் பல்லாயிரம் சோழி. சோழி வந்து குவியக் குவிய அதன் மதிப்பு இறங்கி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் ஆளின் விலை ஒரு லட்சம் சோழியையும் தாண்டியது. அந்த ஒரு நூற்றாண்டில் மட்டும் டச்சு, ஆங்கிலக் கப்பல்கள் 1,000 கோடி சோழிகளுக்குக் குறையாமல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோயிருக்கும் என்று வரலாற்று ஆய்வாளர்கள் ஹோகன்டார்னும் மரியன் ஜான்சனும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சோழி மட்டும் போதவில்லை. துணியும் வேண்டியிருந்தது. அதில் ஒரு பகுதி நம் முன்னோர் ஊரான சோழமண்டலக் கரையில் நெய்தது. நெசவாளிக்குத் தன் துணி எங்கே போகிறது என்று தெரியாது. மாலத்தீவில் தண்ணீரில் நின்ற பெண்ணுக்கும் தன் கூடை எங்கே போய் முடிகிறது என்று தெரியாது. அவள் வாங்கியது அரிசி. அவள் எடுத்துக் கொடுத்த நத்தையோ, இரண்டு கடல் தாண்டி யாரோ ஒரு தாயின் பிள்ளைக்கு விலையானது.

நான் இதைப் படித்ததிலிருந்து பல்லாங்குழிப் பலகையில் சோழி விழும் சத்தம் எனக்குப் பழையபடி கேட்கவில்லை. சோழிமேல் குற்றம் இல்லைதான். பாசி தின்னும் ஒரு சின்ன உயிர் என்ன செய்யும்? ஆனால் விலை என்ற ஒன்றை மனிதன் எதன்மேலும் ஒட்டிவிடுவான், கடைசியில் மனிதன்மேலேயே ஒட்டிவிடுவான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

செம்பனைக்கும் சோழிக்கும் உறவு

1807ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டப்படி நிறுத்தியது. சோழி வியாபாரம் அதோடு ஓய்ந்துவிடவில்லை. பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்கு இயந்திரத்துக்குப் பூசவும் சவர்க்காரம் காய்ச்சவும் எண்ணெய் வேண்டியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைந்த செம்பனை எண்ணெயை வாங்க மறுபடியும் சோழி தேவைப்பட்டது. நம் நாட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிற அதே செம்பனைதான். அதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நட்டார்கள். 1917ல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நட்டார்கள். பிறகு நம்மவர் தோளில் அது எப்படி வளர்ந்தது என்பதை உங்களில் பலர் வீட்டுக் கதையாகவே கேட்டிருப்பீர்கள்.

எண்ணெய் வியாபாரம் சூடுபிடித்ததும், 1845 வாக்கில் ஜெர்மனியின் ஹாம்பர்க் வணிகர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாலத்தீவுச் சோழிக்குப் பதிலாக, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், சான்சிபார் பக்கம் மலிவாகக் கிடைக்கும் இன்னொரு சோழியை ஏற்றிப் போனால் என்ன? அது மொனெட்டாரியா அன்யூலஸ், முதுகில் தங்க மோதிரம் வைத்ததுபோல் ஒரு மஞ்சள் வளையம் இருக்கும். சற்றுப் பெரியது, கனமானது. சந்தை அதையும் காசாக ஏற்றுக்கொண்டது. கப்பல் கப்பலாக வந்து இறங்கியது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். சோழியின் மதிப்பு பாதாளத்துக்குப் போனது. கொண்டுவந்த வணிகர்கள் எண்ணெயை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சந்தையில் வெங்காயமும் மிளகாயும் விற்று, ஆயுள் முழுக்கச் சேர்த்த சோழியைப் பானையில் போட்டு வைத்திருந்த ஆப்பிரிக்கப் பெண்களிடம் மிஞ்சியது வெறும் ஓடு. பின்னர் வந்த காலனி அரசுகள் வரியைத் தங்கள் நாணயத்தில்தான் கட்ட வேண்டும் என்றன.

இந்தியாவிலும் இதே கதை நடந்தது. 1770களின் இறுதியில் சில்ஹெட்டில் கலெக்டராக இருந்த ராபர்ட் லிண்ட்சே, வரியைச் சோழியாகவே வாங்கினார். ஒரு ரூபாய்க்கு 5,120 சோழி. அதைக் கிடங்கில் அடுக்கி, படகு படகாக டாக்காவுக்கு அனுப்புவதே அவருக்குப் பெரும்பாடு. 1803ல் ஒடிசாவைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கே சோழியை ஏற்காமல் வெள்ளி ரூபாய் கேட்டது. விவசாயியிடம் இருந்ததோ சோழி. வெள்ளி வாங்க அவர் முன்பைவிட அதிகச் சோழி கொடுக்க வேண்டியதாயிற்று. வரி ஏறவே இல்லை என்று ஏட்டில் எழுதலாம், ஆனால் அவர் கொடுத்தது கூடிக்கொண்டே போனது. 1817ல் பக்ஷி ஜகபந்து தலைமையில் வெடித்த பைக்கா கிளர்ச்சிக்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

பாட்டியின் தகரப் பெட்டி

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க முடியவில்லை. கெடாவில் பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டி ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். அதில் பல்லாங்குழிச் சோழிகள் ஒரு துணிப்பையில் இருக்கும். அதன் அடியில் ஒரு கட்டு வாழைமர நோட்டு. ஜப்பான்காரன் காலத்துப் பத்து வெள்ளி நோட்டு. சின்ன வயதில் அந்த வாழைமரப் படத்தைப் பார்த்து, இது விளையாட்டுக் காசா என்று கேட்டேன்.

"விளையாட்டுக் காசா? உங்க தாத்தா சயாமுக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனதுடா. ஒரு நோட்டு மாத்தாம வச்சிருந்தேன். சப்பான்காரன் போனதும் கடைக்காரரு கையால கூடத் தொடல" என்றார்.

சயாம் மரண ரயில் பாதை போடப் போன தாத்தா திரும்பி வரவில்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தது. பாட்டியிடம் இருந்த இரண்டில், சோழிக்காவது விளையாட்டில் மதிப்பு இருந்தது.

ஆப்பிரிக்கச் சந்தைப் பெண், ஒடிசா விவசாயி, கெடா தோட்டத்துப் பாட்டி. மூவரும் பேராசைப்பட்டவர்கள் இல்லை. உழைத்தார்கள், சிக்கனமாகச் சேர்த்தார்கள். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி எல்லாவற்றையும் அவர்கள் கடைப்பிடித்தார்கள். அவர்கள் கையில் இருந்ததன் மதிப்பை வேறு யாரோ முடிவு செய்தார்கள். செல்லாமல் போன நாளில் அது கடைசியாக அவர்கள் கையில் இருந்தது.

சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் என்னிடம் எதில் பணம் போடலாம் என்று கேட்பதுண்டு. நான் பங்குச்சந்தை நிபுணன் இல்லை. ஆனால் சோழி கற்றுக்கொடுத்த மூன்று கேள்விகளைச் சொல்லி அனுப்புவேன். இதை இன்னும் கொட்டிக்கொண்டே போக யாருக்கு முடியும், அவருக்கு அதற்கு ஆகும் செலவு எவ்வளவு? இதை இன்று ஏற்றுக்கொள்பவர்கள் நாளை மாட்டேன் என்றால், மாற்றிக் கொடுக்கப் பொறுப்பாளி யார்? விலை ஏறுகிறது என்று நம்மை வாங்கச் சொல்பவர், தானும் வைத்திருக்கிறாரா, அல்லது எண்ணெயை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்கிறாரா? கைப்பேசியில் மின்னும் எண்ணாக இருந்தாலும், மஞ்சள் வளையம் போட்ட சோழியாக இருந்தாலும் கேள்வி இதுதான். மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் கையை விட வேண்டாம்.

சோழியின் பெயர் இன்னும் காசில் வாழ்கிறது. கானா நாட்டு நாணயத்துக்கு 'செடி' என்று பெயர். அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. நம் மலாய் நண்பர்கள் பல்லாங்குழியைச் 'சொங்காக்' என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கும் சோழி என்ற பொருள் உண்டு. பக்கத்துக்கு ஏழு குழி என்பதுகூட இரண்டு ஆட்டத்துக்கும் பொருந்தி வரும்.

பள்ளி விடுமுறையில் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கடல் பூங்காக்களில் உயிருள்ளதோ செத்ததோ, சிப்பி, சோழி, பவளம் எதையும் எடுத்துவரச் சட்டம் அனுமதிக்காது. நீர் வடிந்த நேரத்தில் கல்லைப் புரட்டினால் புரட்டியபடியே விட்டுவிடாமல் பழையபடி வைத்துவிடுங்கள். அடியில் ஒரு தாய்ச் சோழி முட்டைமேல் உட்கார்ந்திருக்கலாம். பிள்ளைகளை அருகில் கூப்பிட்டு, அது தன் ஓட்டின்மேல் சதைத் திரையை மெல்ல இழுத்துப் போர்த்துவதைக் காட்டுங்கள். விலை பேசாமல் அதைப் பார்க்கும் தலைமுறையாக அவர்கள் இருக்கட்டும்.